கீழே கையெழுத்துப் போடுகிறவர்

ஆயுள் இன்ஷூரன்ஸ் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் ஏஜென்டைத் தெரியும். அம்பாசமுத்திரத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். டெவலப்மென்ட் ஆபீசரைத் தெரியும், கவுண்டரில் பணம் வாங்குகிறவரைத் தெரியும், மெடிக்கல் பார்க்கிற டாக்டரையும் தெரியும். ஏஜென்ட் வாங்கிக்கொண்டு போன பேப்பர் அப்புறம் யார் கையில் போகிறது, 'சரி, இவருக்குக் கொடுக்கலாம்' என்று யார் முடிவு செய்கிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நான் பார்த்தது அந்த வேலை. பெயர் அண்டர்ரைட்டர். கடைசிக் காலத்தில் பிரிவில் நான்தான் மூத்தவன். அதனால் மற்றவர்கள் முடிவெடுக்கத் தயங்கிய பேப்பரெல்லாம் என் மேசைக்கு வரும். எங்கள் வீட்டில் கேட்டால் இன்றைக்கும் "அவுக இன்சூரன்சுல எழுதுற வேலை பாத்தாக" என்றுதான் சொல்வார்கள். அதுவும் தப்பில்லை.

அந்தப் பெயரே எழுதுவதிலிருந்து வந்ததுதான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் ஒரு காபிக் கடை வைத்திருந்தார். கப்பல்காரர்களும் வியாபாரிகளும் கூடுகிற இடம். கப்பல் எங்கே போகிறது, என்ன சரக்கு என்று ஒரு காகிதத்தில் எழுதிச் சுற்றுக்கு விடுவார்கள். நஷ்டம் வந்தால் இவ்வளவுக்கு நான் பொறுப்பு என்று ஒத்துக்கொள்கிறவர், அந்த எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுவார். கீழே எழுதுகிறவர் என்பதால் அண்டர்ரைட்டர். அவர் போட்டது அவருடைய சொந்தப் பணம். நாங்கள் போட்டது, மாதாமாதம் பிரிமியம் கட்டுகிற மற்றவர்களின் பணம். அதனால் கை கொஞ்சம் நடுங்கத்தான் வேண்டும்.

இந்த வேலையில் இருப்பவன் பேப்பரைத் திருப்பி அனுப்பவே சம்பளம் வாங்குகிறான் என்று ஏஜென்டுகள் நினைப்பார்கள். உண்மையில் திருப்பி அனுப்பியது கொஞ்சம்தான். நூற்றுக்குத் தொண்ணூறு பேப்பரை அரை மணி நேரத்தில் யார் வேண்டுமானாலும் முடித்துவிடலாம்: வயசு முப்பது, பள்ளிக்கூட வாத்தியார், எடை சரி, அப்பா அம்மா உயிரோடு. கையெழுத்து, அடுத்தது. மிச்சம் இருக்கிற பத்தில்தான் வேலை. ஒருவருக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூட. இன்னொருவருக்கு அப்பா நாற்பத்தைந்தில் மாரடைப்பில் போயிருப்பார். இவர்களை என்ன செய்வது?

1919-ல் அமெரிக்காவில் ஆர்தர் ஹண்டர், ஆஸ்கர் ரோஜர்ஸ் என்ற இரண்டு பேர் (ஒருவர் கணக்கு நிபுணர், மற்றவர் டாக்டர்) இதற்கு ஒரு வழியைத் தங்கள் துறைக்கு எழுதி வைத்தார்கள். சராசரி ஆளுக்கு நூறு மதிப்பெண். எடை கூட என்றால் மேலே கொஞ்சம் கூட்டு. குடும்பத்தில் எல்லோரும் தீர்க்காயுசு என்றால் கொஞ்சம் கழி. கடைசியில் வருகிற எண்ணைப் பார்த்து விலை சொல்லு. உதாரணத்துக்கு, இந்த வயசில் ஆயிரம் பேரில் நாலு பேர் ஒரு வருஷத்தில் இறப்பார்கள் என்று பட்டியல் சொன்னால், நூற்றைம்பது மதிப்பெண் வாங்கியவர்களில் ஆறு பேர் இறப்பார்கள் என்று எடுத்துக்கொள்வது. அந்தக் கூடுதல் இரண்டு பேருக்கான பணத்தை அந்தக் கூட்டத்திடமே வசூலிப்பது. இப்படிப் பார்த்தால் 'உனக்குக் கிடையாது' என்று சொல்ல வேண்டிய ஆட்கள் குறைந்துபோவார்கள். 'உனக்கு உண்டு, விலை கொஞ்சம் கூட' என்பவர்களே அதிகம்.

விலையைக் கூட்டுவதற்குத் தப்பான காரணமும் இருந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கடை விரித்த பல கம்பெனிகளுக்கு, இந்தியன் என்பதே போதும் கூடுதல் பிரிமியம் கேட்க. 1870-ல் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல்தான் நம்மவர்களுக்கும் சாதாரணக் கட்டணமே என்று ஆரம்பித்தது. பிறகு 1956 செப்டம்பர் 1-ல், 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி. வந்தது நம் வயசுக்காரர்களுக்குத் தெரியும். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், பட்டியலும் மதிப்பெண்ணும் சரியாக இருந்தாலும், அதை யார் மேல் எப்படி வைக்கிறோம் என்பதில் நியாயம் தவறலாம் என்பதற்காக. நம் பக்கத்து ஆட்களின் வாழ்க்கை அந்தப் பாரத்தில் சரியாக அடங்காது. எனக்கு அது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

ஒரு பேப்பர் வந்தது. முக்கூடல் பக்கத்து ஆள், வயசு இருபத்தெட்டு, தொழில் விவசாயம் என்று எழுதியிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போடப் போனவன், டாக்டர் ரிப்போர்ட்டில் அங்க அடையாளம் எழுதுகிற இடத்தைப் பார்த்தேன். நெஞ்சின் நடுவில் காய்ப்பு, இரண்டு முன்கையிலும் காய்ப்பு என்று எழுதியிருந்தார். டாக்டர் வெளியூர்க்காரர் போல, பார்த்ததை அப்படியே எழுதிவிட்டார். நம் ஊர்க்காரனுக்கு அதைப் படித்தால் வேறு எதுவும் சொல்ல வேண்டாம். ஏர் பிடிக்கிறவனுக்கு உள்ளங்கை காய்க்கும். நெஞ்சு காய்ப்பது பனை ஏறுகிறவனுக்கு.

பனை ஏறுகிறவருக்குத் தொழில் ஆபத்து என்று ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் எனக் கூடுதல் பிரிமியம் உண்டு. அந்தச் சில ரூபாயை மிச்சப்படுத்த ஏஜென்ட் விவசாயம் என்று எழுதிவிட்டார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சார், பனை வருஷத்துல ஆறு மாசந்தான். மிச்ச நாளு வயக்காட்டு வேலதான பாக்கான், அதான் விவசாயம்னு போட்டேன்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். "விழுறதுக்கு ஆறு மாசம் போதும்லா" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். பேப்பரில் 'பனைத் தொழில்' என்று திருத்திக் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி, கூடுதல் பிரிமியம் போட்டு பாலிசி கொடுத்தோம்.

அந்த ஏஜென்டுக்கு நான் கெடுபிடிக்காரன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த ஆள் முதல் வருஷத்திலேயே மரத்திலிருந்து விழுந்திருந்தால், விசாரணைக்குப் போகிறவர் ஊரில் கேட்கிற முதல் கேள்வியிலேயே பனைத் தொழில் வெளிவந்துவிடும். விவசாயம் என்று எழுதியது பொய் என்றாகி, கிளெய்ம் சிக்கலில் மாட்டும். தலையைச் சொறிந்துகொண்டு நிற்கப் போவது ஏஜென்ட் இல்லை, அந்தப் பிள்ளையின் பெண்டாட்டி. கூடுதலாகக் கட்டிய சில ரூபாய் அவளுக்குக் கிடைக்கிற பாதுகாப்பு.

வயசு விஷயத்திலும் நம் பக்கத்துக்கென்று ஒரு தனி வித்தை உண்டு. பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட் இல்லாதவர்கள் ஜாதகம் கொண்டுவருவார்கள். வயசு குறைந்தால் பிரிமியம் குறையும் என்பதால், சில ஜாதகம் போன வாரம்தான் பிறந்திருக்கும். காபித் தண்ணியில் முக்கி எடுத்துப் பழசாக்கி இருப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய ஜாதகங்களில் தமிழ் வருஷத்தோடு கொல்லம் ஆண்டும் இருக்கும். ஆவணி முதல் மார்கழி நடு வரை என்றால் 824-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும், அதற்குப் பிறகு 825. கொல்லம் 1125 கார்த்திகை என்றால் 1949. அப்போது தமிழ் வருஷம் விரோதி. கொல்லம் 1125 கார்த்திகை என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் விக்ருதி என்று போட்டிருந்தால், எழுதினவர் அவசரத்தில் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த டிரெயினிங்கும் இல்லை, எங்கள் தாத்தா. மணிமுத்தாறு அணை கட்டும்போது பால்குடிப் பிள்ளை, தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தின வருஷம் பெரிய மனுஷி ஆனாள் என்று ஊர்ப் பெரியவர் எழுதிக் கொடுக்கிற வாக்குமூலம் சில நேரம் ஜாதகத்தைவிட நம்பகமாக இருக்கும்.

நான் அதிக நாள் மேசையில் வைத்து யோசித்தது ஒரு பெண்ணின் பேப்பரை. எண்பதுகளின் கடைசி. முப்பத்திரண்டு வயசு, கணவர் இறந்து இரண்டு வருஷம், இரண்டு பெண் பிள்ளைகள். இருபத்தைந்தாயிரம் ரூபாய் பாலிசி. தொழில் என்ற இடத்தில் 'குடும்பத் தலைவி'. வருமானம் என்ற இடத்தில் ஒரு கோடு.

அந்தக் காலத்தில் பெண்களை மூன்று வகையாகப் பிரித்திருந்தார்கள். சொந்தச் சம்பாத்தியம் உள்ளவர்கள் முதல் வகை. சொத்திலிருந்து வருமானம் வருகிறவர்கள் இரண்டாவது. சொந்த வருமானமே இல்லாதவர்கள் மூன்றாவது. மூன்றாம் வகைக்குக் கட்டுப்பாடு அதிகம். கணவர் பேரில் எவ்வளவு பாலிசி இருக்கிறது என்று பார்த்துத்தான் மனைவிக்குக் கொடுப்பது. இதற்கு ஒரு காரணமும் இருந்தது. சம்பாதிக்காத ஒருவர் பேரில் பெரிய தொகைக்குப் பாலிசி போட்டால், அதனால் லாபம் யாருக்கு என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி சில இடங்களில் கேட்கப்பட வேண்டிய கேள்விதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தப் பேப்பரில் கணவரே இல்லை. பிரிவில் இருந்த தம்பி ஒருவர், "மூணாவது வகை, கணவர் பேர்ல பாலிசி இல்ல, ரிஜெக்ட் பண்ணிரலாம் சார்" என்று எழுதி மேலே அனுப்பியிருந்தார். விதிப்படி அவர் எழுதியது சரி. எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. கணவர் போய் இரண்டு வருஷமாக இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற பெண்ணுக்கு வருமானம் இல்லை என்று நம் காகிதம் சொல்கிறது. அப்படியானால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது? ஊரைப் பார்த்தேன். பீடி சுற்றுகிற ஊர்.

நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். அம்பாசமுத்திரத்திலிருந்து முக்கூடல், ஆலங்குளம், தென்காசி வரை எத்தனை திண்ணையில் எத்தனை பெண்கள் மடியில் முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்! 1966-லேயே பீடித் தொழிலாளருக்குச் சட்டம் வந்துவிட்டது, 1977-லிருந்து பி.எஃப். உண்டு. அப்படியிருந்தும் அவர்களிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "வேல ஒண்ணுமில்ல, வீட்டுலதான் இருக்கேன்" என்பார்கள். ஏஜென்டும் அப்படியே எழுதிவிடுவார்.

பீடிக் கம்பெனி பாஸ்புக்கும் பி.எஃப். எண்ணும் கேட்டுக் கடிதம் போட்டேன். பத்து நாளில் பாஸ்புக் வந்தது. கவரைப் பிரித்ததும் புகையிலை வாசனை. வாராவாரம் கொடுத்த இலை, தூள், சுற்றிக் கொடுத்த பீடி எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. ஆனால் பாஸ்புக் அந்தப் பெண்ணின் மாமியார் பேரில் இருந்தது.

இதுவும் நம் ஊர் வழக்கம்தான். ஒரு அட்டையில் வீட்டில் இருக்கிற மூன்று பெண்கள் சுற்றுவார்கள். ஆனால் காகிதப்படி அந்த வருமானம் மாமியாருடையது. தம்பி என்னைப் பார்த்தார், 'நான் சொன்னேன்லா' என்கிற மாதிரி. இப்போது என்ன செய்வது? இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போடலாம். அந்த இரக்கத்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள் யார்? விக்கிரமசிங்கபுரம் மில்லில் சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லி மாதாமாதம் கட்டுகிற தொழிலாளி, இதே மாதிரித் திண்ணையில் சுற்றி நாலு காசு சேர்க்கிற இன்னொரு பெண். அவர்கள் பணத்தை எடுத்து நான் தர்மம் செய்ய முடியாது. மறுபடியும் 'ஆதாரம் இல்லை' என்று திருப்பி அனுப்பினால், உழைத்துப் பிழைக்கிற ஒருத்தியைச் சம்பாத்தியமில்லாதவள் என்று நானே கையெழுத்துப் போட்டுச் சொன்ன மாதிரி.

கிளை மேலாளரை நேரில் போய்ப் பார்த்து எழுதச் சொன்னேன். மாமியாரின் கை கொஞ்ச நாளாக முடக்குவாதத்தில் மடங்காது. அட்டை மட்டும் அவர் பேரில் இருக்கிறது. நான் போன நேரத்தில் மருமகள்தான் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு சுற்றுகிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினார் அவர். இப்படி ஒரு ரிப்போர்ட் எழுத ஒரு மேலாளர் வெயிலில் போய் நின்றாரே, அவருக்கும் இதில் பங்கு உண்டு. அந்தத் தாளின் மேல், சொந்தச் சம்பாத்தியம் உள்ள பெண்ணாகக் கருதுகிறேன், காரணங்கள் இவை என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆடிட்டில் கேட்டால் அந்த நாலு வரிதான் எனக்குத் துணை.

நாட்களைக் கடத்துவதும் எங்கள் கையில் இருக்கிற ஒரு ஆபத்து. ஆந்திராவில் ஒரு பெரிய ஜமீன் குடும்பத்தவர் 1960 டிசம்பர் 27-ல் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு பிரபோசல் கொடுத்தார். அன்றைக்கே மெடிக்கல் முடிந்தது. முதல் பிரிமியச் செக்குகளும் பணமாகிவிட்டன. 1961 ஜனவரி 12-ல் அவர் இறந்துபோனார். பேப்பருக்கு இன்னும் ஒப்புதல் ஆகவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1984-ல் தீர்ப்பு வந்தது: பணம் வாங்கியதால் மட்டும் ஒப்பந்தம் ஆகாது, சம்மதம் சொன்னால்தான் ஆகும். குடும்பத்துக்குப் பணம் இல்லை. கோமளவல்லி வழக்கு என்று எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். எனக்கு அந்த வழக்கு வேறொன்றைச் சொன்னது. மேசையில் ஒரு பேப்பர் தூங்குகிற அத்தனை நாளும் அந்தப் பக்கத்தில் ஒரு குடும்பம், பணம் கட்டியாச்சு என்ற நம்பிக்கையில் இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து அம்பை வருகிற கடைசி வண்டியைச் சில நாள் தவறவிட்டதற்கு இந்த வழக்குதான் காரணம் என்று வீட்டில் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள்.

உள்ளூரில் குடியிருந்துகொண்டு இந்த வேலை பார்ப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. யார் ரத்தத்தில் என்ன, யார் வீட்டில் யாருக்குக் காசநோய் இருந்தது என்பதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். வாயைத் திறக்க முடியாது. தெரிந்தவர், சொந்தக்காரர் பேப்பர் என்றால் பேரைப் பார்த்ததும் மூடி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவேன். அப்படித் தள்ளிவிட்ட ஒரு பேப்பர், கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சியுடையது. அவருக்குக் கூடுதல் பிரிமியம் போட்டுக் கடிதம் போயிருக்கிறது. ஒருநாள் காலையில் ஆற்றுப் படித்துறையில் பிடித்துக்கொண்டார். "என்னவே, நான் என்ன சீக்காளியா? நம்ம ஊர்க்காரன்னு நம்பி பேப்பரு குடுத்தா நீரே இப்பிடிப் பண்ணலாமா?" என்றார். சுற்றி நாலு பேர் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேப்பரை நான் பார்க்கவே இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார். "அண்ணாச்சி, நம்ம வயசுக்கு எல்லாரும் ரத்தம் ஒருக்கா டெஸ்ட் பண்ணிக்கிடணும். போன மாசந்தான் நானும் பாத்தேன்" என்று மட்டும் சொன்னேன். ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. டெஸ்ட் பண்ணினாரா என்று கேட்கவும் இல்லை. ஆனால் கடையில் உட்கார்ந்துகொண்டு நிமிஷத்துக்கு ஒரு கடலை மிட்டாயை வாயில் போடுகிற பழக்கம் நின்றுபோனதைக் கவனித்தேன்.

இந்த வேலையில் நாம் செய்தது சரியா என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது. பாலிசி எடுத்து இரண்டு மூன்று வருஷத்துக்குள் இறந்தவர்களின் பேப்பர் மட்டும் விசாரணைக்காகத் திரும்ப வரும். யார் கையெழுத்துப் போட்டது, எதைப் பார்க்காமல் விட்டார் என்று கேட்பார்கள். இருபது வருஷம் நன்றாக இருந்து, பணத்தை வாங்கிப் பிள்ளைக்குக் கல்யாணம் செய்தவர்களின் பேப்பர் எங்களிடம் வருவதே இல்லை. அது வேறு பிரிவில் முடிந்துவிடும். அதனால் நாளாக ஆக அண்டர்ரைட்டர்களுக்கு ஒரு பயம் வந்துவிடும், எதைக் கண்டாலும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். மூத்தவன் என்று ஒருவனை வைத்திருப்பது இந்தப் பயத்துக்கு ஒரு தடுப்பு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். தம்பிமார் வேண்டாம் என்று எழுதினால் ஏன் என்று கேட்பேன். 'பார்த்தா சரியாப் படல' என்பது காரணம் ஆகாது. பீடி சுற்றின அம்மாவின் பேப்பர் என்னிடம் திரும்பி வரவில்லை. பனையேறியின் பேப்பரும் வரவில்லை.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். விவரத்தைத் தட்டினால் நிமிஷத்தில் பதில். நான் சொன்ன அந்தத் தொண்ணூறு பேப்பருக்கு அது எங்களைவிட நன்றாகவே வேலை செய்யும். கோமளவல்லி மாதிரிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 'குடும்பத் தலைவி' என்று தட்டினால் குடும்பத் தலைவி என்றே எடுத்துக்கொள்ளும். நெஞ்சில் காய்ப்பு என்றால் அது தோல் வியாதி என்று நினைத்தாலும் நினைக்கும். அங்கே ஒரு ஆள் வேண்டும், ஊர் தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது.

இந்த வயசில் நமக்குப் புது பாலிசி யாரும் தரப்போவதில்லை. ஆனால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எடுப்பார்கள். வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டு ஏஜென்டிடம் கொடுக்க விடாதீர்கள். தொழில், வருமானம், நோய், அப்பா அம்மா எந்த வயசில் எதனால் போனார்கள் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 45-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. முன்பு இரண்டு வருஷம் என்று இருந்தது, 2015 திருத்தத்தில் மூன்று வருஷம் ஆயிற்று. மூன்று வருஷம் தாண்டிவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி அந்தப் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் ஏதாவது ஆனால், பாரத்தில் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார்கள். பிரிமியம் கட்டாமல் விட்டு லேப்ஸ் ஆன பாலிசியைப் புதுப்பித்தால், புதுப்பித்த தேதியிலிருந்து மூன்று வருஷத்தை மறுபடி எண்ணுவார்கள். இது பல பேருக்குத் தெரியாது.

பாலிசி பத்திரத்தோடு பிரபோசல் பாரத்தின் நகலும் வரும். அதை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டிவிடாமல், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருதடவை படித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க இப்போது 30 நாள் தருகிறார்கள். தொழில் என்று போட்டிருக்கிற இடத்தை முதலில் பாருங்கள்.